லோடு இறங்கினால்தான் திரும்பும் கார்

கொளஞ்சிநாதன் அண்ணன் நல்ல மனுஷன். ஆனால் கார் விஷயத்தில் சுத்தக் கிறுக்கு. பக்கத்து க்வார்ட்டர்ஸில் இத்தனை வருஷம் குடியிருக்கிற இந்த மேரிசெல்வி சொன்னால் நம்பலாம். அண்ணன் மைன்ஸில் மண் ஏற்றிக் கொட்டுகிற ராட்சத லாரியான டம்பர் ஓட்டுகிறவர். ஆள் உயரத்துக்கும் மேலான டயர்களுக்கு மேலே உட்கார்ந்து பழகியதால், தரையோடு ஓடுகிற எதையும் வண்டி என்றே மதிக்கமாட்டார். வண்டியை நகர்த்துமுன் முன்னால் என்றால் இரண்டு ஹாரன், பின்னால் என்றால் மூன்று ஹாரன் அடிப்பார். மைன்ஸில் அது பாதுகாப்பு. எங்கள் பிளாக்கில் அது தூக்கத்துக்குக் கேடு.

அவருக்கு ஒரே தங்கை, சரிதா. கல்யாணம் வரைக்கும் அந்த க்வார்ட்டர்ஸில்தான் வளர்ந்தாள். திருவதிகையில் கொடுத்திருக்கிறது. அவளுடைய மூத்த பிள்ளையின் காதுகுத்துக்கு அண்ணன் ஷிப்ட் முடித்துப் போய்ச் சேர்வதற்குள் நல்ல நேரம் போய்விட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையை, மாமியார் சாமியம்மாள் தன் அண்ணன் மகன் மடியில் வைத்துக் குத்தி முடித்துவிட்டாள். "பொறந்த வூட்டுல ஆளே இல்லாதவ" என்று அன்று சொன்னதை இன்றுவரை சொல்கிறாள். நாக்கா அது!

இப்போது இளைய குழந்தைக்குக் காதுகுத்து. இந்தத் தடவை தாமதமே ஆகக்கூடாது என்று அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? தன் சின்னக் காருக்கு, ஜீப்புக்குப் போடுகிற அளவில் பெரிய சக்கரமும் டயரும் மாட்டினார்.

"பெரிய சக்கரம் ஒரு சுத்துல அதிக தூரம் போவும் மேரி. அப்ப சீக்கிரம் போயிடலாம்ல?"

மெக்கானிக் சிலம்பரசன் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, அத சுத்தறது அதே சின்ன இன்ஜின்தானே? மூச்சு வாங்கும். மீட்டர் வேற ஸ்பீடக் கம்மியா காட்டும். ஆளுங்க ஏறினா பாடி எறங்கி, திருப்பும்போது டயர் உரசும்."

"டம்பர்ல உரசலியே?" என்றார் அண்ணன். அதோடு பேச்சு முடிந்தது.

காதுகுத்தன்று காலையில் முன்னால் அண்ணனும் அவர் மனைவி பட்டம்மாளும். பின்னால் நான், என் மடியில் சீர்த்தட்டு, பக்கத்தில் வாழைத்தார். இரண்டு ஹாரன் அடித்தார். கார் கிளம்புவதற்கே யோசித்தது. முதல் முனையில் திருப்பினார். கர்ரென்று ஒரு சத்தம், ரப்பர் கருகிய நாற்றம்.

"லோடு அதிகம். எறங்குங்க," என்றார்.

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். காலிக் கார் சமர்த்தாகத் திரும்பியது. ஏறினோம். அடுத்த முனையில் மறுபடியும் "எறங்குங்க." டவுன்ஷிப்பில் முனைக்கா பஞ்சம்?

"ஏங்க, பஸ்ல போயிருந்தா இந்நேரம் போய் சேர்ந்திருப்பேன்!" என்று பட்டம்மாள் வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு அழாத குறை. மெயின் ரோட்டில் மட்டும் கார் ஓடியது. மீட்டர் நாற்பது என்றது. எனக்குக் கொண்டையே அவிழ்ந்துவிட்டது.

திருவதிகைத் தெருக்களில் திருப்பத்துக்குமேல் திருப்பம். அந்தக் குறுகல் சந்துகளில் காலிக் கார்கூட உரசி உரசித்தான் திரும்பியது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"காரை இங்கியே வுட்டுட்டு நடங்கண்ணே!"

"மாமன் கார்ல வந்து எறங்கணும். அந்தம்மா பாக்கணும்," என்றார். பிடிவாதம்!

நான் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பட்டம்மாள் தாரோடு பின்னால் வந்தாள். தாய்மாமன் சீர் ஊர்வலம் என்று தெருக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். காரை விட நாங்கள் வேகம்.

மண்டபத்தில் நல்ல நேரம் முடியப்போகிறது. மணையில் சாமியம்மாளின் அதே அண்ணன் மகன், மடியில் குழந்தை. சரிதா போன் மேல் போன் போட்டிருக்கிறாள். ஓட்டும்போது கொளஞ்சிநாதன் அண்ணன் போனைத் தொடமாட்டார், அதுவும் மைன்ஸ் பழக்கம்.

"சீரு வந்துட்டுது. மாமன் எங்க?" என்றாள் சாமியம்மாள்.

"தெருமுனையில திரும்பிக்கினு இருக்காரு."

"முனை திரும்ப அவ்ளோ நேரமா?"

"அந்தக் காருக்கு அவ்ளோ நேரந்தான்!" என்று கத்தினேன். காது குத்த ஆசாரி ஊசியை எடுத்தார்.

அப்போது வெளியே மூன்று ஹாரன். சரிதாவின் முகம் செத்துப்போயிற்று. அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா?

"பின்னால போவுது. அண்ணன் திரும்பிப் போவுது மேரியக்கா," என்று தூணில் சாய்ந்து அழுதாள். ஆசாரி குனிந்தார்.

இரண்டு ஹாரன்.

"குத்தாதீங்க, நிறுத்துங்க!" என்று அலறினாள் சரிதா. "எங்கண்ணன் வருது!"

குழந்தையை அந்த ஆளின் மடியிலிருந்து வாரிக்கொண்டு ஓடினாள். ஊசியோடு ஆசாரியும் ஓடினார். மண்டப வாசலில் கார் பாதி திரும்பி, டயர் சிக்கி, தெருவை அடைத்து நின்றது. அண்ணன் வியர்வையோடு கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

"எறங்காதண்ணா," என்றாள் சரிதா. "அப்படியே ஒக்காரு."

குழந்தையை அவர் மடியில் வைத்தாள். ஸ்டீயரிங்குக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவில், நல்ல நேரத்துக்குள், ஆசாரி காது குத்தினார். குழந்தை வீறிட்டது. அதைவிடச் சத்தமாக அண்ணன் அழுதார். சாமியம்மாள் வேறு வழியில்லாமல் ஆரத்தித் தட்டோடு வந்து, மாமனுக்கும் காருக்கும் சேர்த்துச் சுற்றினாள்.