மூட முடியாத வென்ட்

தரையில் சூடான காற்று வருகிற ஓட்டையின் மேல் சல்லடை மாதிரி ஒரு மூடி இருக்குமே, அதை இந்தக் குளிர் தேசத்தில் எடிசன் என்கிற ஊரில் ஒரு கடையில் நின்று விற்பதுதான் என் பிழைப்பு. தொழிலில் அதற்கு ரெஜிஸ்டர் என்று பெயர். நம்மவர்களுக்கு ரெஜிஸ்டர் என்றால் கல்யாணம்தான் ஞாபகம் வரும் என்பதால் நான் வென்ட் என்றே சொல்லிவிடுவேன். ஜனவரியில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடமாடும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எதை அளப்பது?

நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் மூடியைத்தான் அளந்துகொண்டு வருவார்கள். அளக்க வேண்டியது மூடியை எடுத்தபின் தெரிகிற ஓட்டையை. செந்தில் என்பவரும் அப்படித்தான் வந்தார். சாஃப்ட்வேர்காரர். மில்லிமீட்டர் வரை எழுதி வைத்திருந்தார், எல்லாம் தப்பு. போய் ஓட்டையை அளந்து வாருங்கள் என்றேன்.

போகாமல் நின்றார். மனைவி கவிதாவுக்கு ஏழாம் மாதம். அம்மா இல்லாத பெண் என்பதால், பிரசவத்துக்குத் துணையாக அவளுடைய அப்பா மதுரையிலிருந்து வந்திருக்கிறார். அவர் அறை மட்டும் ஐஸ்பெட்டியாக இருக்கிறது. மூன்றாவது வாரமே இருமல். அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறேன் என்கிறாராம். கவிதா தினமும் அழுகிறாள். "குளிருதா மாமான்னு கேட்டா, சேச்சே, நல்லா இருக்கு மாப்ளங்கறார். அவர் வாயால ஒரு வார்த்தை வராதுக்கா."

மாவுக்கு ஒரு வென்ட்

அதே வாரம் பக்கத்து ஊரான மான்மவுத் ஜங்ஷனிலிருந்து ஒரு ஆன்ட்டி வந்தார். பூவேலைப்பாடு உள்ளது, பித்தளை நிறத்தில் உள்ளது எல்லாம் எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, மேலே பாரம் வைத்தால் வளையுமா என்று மட்டும் கேட்டார். குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்க வென்ட் பக்கத்தில் வைப்பது நாம் எல்லோரும் செய்வதுதான். இவர் பாத்திரத்தை அதன் மேலேயே வைப்பவர். காற்று தடைபடும் ஆன்ட்டி என்றேன். "அதெல்லாம் சுத்தி வந்துடும்மா. டிசைன் எதுக்கு, மேல குண்டான்தானே இருக்கப் போவுது."

இறுக்கமான மூடி

சனிக்கிழமை செந்தில் சரியான அளவோடு வந்தார், கூடவே மாமனாரும். மஃப்ளர், குல்லா, அதற்கு மேல் மாப்பிள்ளையின் ஜாக்கெட். ரூம் குளிருதா அங்கிள் என்று பேச்சுக் கொடுத்தேன். சொர்க்கம்மா என்றார், இருமிக்கொண்டே. பெண்ணைக் கொடுத்த வீட்டில் குறை சொல்வார்களா? என் அப்பாவும் என் வீட்டுக்கு வந்தபோது உப்பில்லாத சாம்பாரை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்தான்.

செந்தில் மேல் வரிசையில் தேடிக்கொண்டிருக்க, மாமா கீழே இருந்து ஒன்றை எடுத்தார். வென்ட்டைத் திறந்து மூட ஓரத்தில் சின்னதாக ஒரு லிவர் இருக்கும். அதைக் கட்டைவிரலால் பழகிய கையாகத் தள்ளிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இதையே எடுங்க மாப்ள, நல்லா இறுக்கி மூடுது. ரூம்ல இருக்கறது மூடினாலும் கசியுது, மேல டவல் போட வேண்டியிருக்கு."

லிவர் இல்லாதது

செந்தில் தேடுவதை விட்டுத் திரும்பினார். எதுக்கு மாமா மூடறீங்க என்றார். உளறிவிட்டோம் என்று மாமாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தன் அறையை மூடினால் அந்தச் சூடும் கவிதா அறைக்குப் போகுமே என்றார் சின்னக் குரலில். இருமல் முற்றி இங்கேயே படுத்துவிட்டால் அவளுக்குத்தானே தொந்தரவு, அதனால்தான் டிக்கெட்டாம். ஓர் அறையை மூடுவதால் அடுத்த அறையில் சூடு பெரிதாகக் கூடிவிடாது என்று விளக்க வாயெடுத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

செந்தில் அவர் கையிலிருந்ததை மெதுவாக வாங்கித் திரும்ப வைத்தார். லிவரே இல்லாதது இருக்கா அக்கா என்று கேட்டார். இருந்தது. வெறும் சல்லடை, யாராலும் மூட முடியாது. "நீங்க வீட்ல இருந்தாதான் மாமா அவ தூங்கறா" என்று அதை அவரிடமே கொடுத்தார். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் லிவரைத் தேடினார். பிறகு மஃப்ளர் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்க மாப்ள. டவலை நான் எடுத்துடறேன்."

வாயைத் திறக்காத மாமனாருக்கு மூட முடியாத வென்ட்தான் லாயக்கு என்பதை, பத்து வருடம் இதை விற்ற நான், அளக்கவே தெரியாமல் வந்த ஒரு மாப்பிள்ளையிடம் கற்றுக்கொண்டேன்.