நிதானம் அக்கா படித்த தாள்

நிதானம் அக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் என் பக்கத்து மேசையில் இஸ்திரி போடுகிறவர். சோப்புத்தூள் பாக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விரல் வைத்துப் படிப்பார். நாற்பது வயதில் மகளிடம்தான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டாராம். அதற்காக எங்கள் உயிரை வாங்க வேண்டுமா என்று பலமுறை பல்லைக் கடித்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு காலை, மேலாளர் எங்களை வரிசையில் நிறுத்தினார். ஆளுக்கொரு தாள்.

"சும்மா ஃபார்மாலிட்டிதான். கையெழுத்துப் போட்டுட்டு வேலையப் பாருங்க."

ஆறு பேர் மளமளவென்று போட்டுவிட்டுப் போனார்கள். ஏழாவது அக்கா, எட்டாவது நான். அவர் விரலை முதல் வரியில் வைத்தார்.

"அக்கா, இன்னைக்குள்ள முடியுமா?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. மூன்றாவது பத்தியில் விரல் நின்றது. "இனிமே மாசச் சம்பளம் கிடையாதா சார்? இஸ்திரி போட்ட துணிக்குத்தான் காசா?"

என் வலது மணிக்கட்டு வீங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. துணிக்கு இவ்வளவு என்றால் பாதிச் சம்பளம்கூடத் தேறாது. வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான்.

"முன்னாடி இருந்தவங்க எல்லாம் போட்டுட்டாங்கம்மா."

"அவங்க படிச்சாங்களா சார்? சேரும்போது மாசச் சம்பளம்னு எழுதிக் குடுத்தீங்க. அதை மாத்தணும்னா என்னையும் கேக்கணும்ல?"

தாளின் அடியில் அக்கா எழுதினார்: 'படித்தேன். சம்மதமில்லை. பழைய சம்பளத்துக்கே வேலை செய்கிறேன்.' தேதியும் போட்டார். நான் அதைப் பார்த்து அப்படியே எழுதினேன். எனக்குப் பின்னால் நின்ற பதினோரு பேரும் எழுதினார்கள்.

தொழிலாளர் அலுவலகத்துக்கும் அக்காதான் கூட்டிப்போனார், அவசரப்பட்ட அந்த ஆறு பேரையும் சேர்த்து. வாயைத் திறக்காமல் வேலையைத் தொடர்ந்திருந்தால் ஒத்துக்கொண்டதாக ஆகியிருக்கலாம் என்றார் அங்கிருந்த அதிகாரி. மேலாளரை இரண்டு முறை வரவழைத்தார். பிறகுதான் அவர் இறங்கிவந்தார். அக்கா மட்டும் எனக்கு முன்னால் நிற்காமல் இருந்திருந்தால் நானும் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பேன். எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

எல்லோருக்கும் பழையபடி மாதச் சம்பளம் என்று கடிதம் வந்தது. அதை வாங்க மறுபடி வரிசை. இந்த முறை நான் முதல் ஆள். சந்தோஷத்தில் பேனாவைத் திறந்துவிட்டேன்.

"படிச்சியா?" பின்னாலிருந்து அக்கா.

"நல்ல சேதிதானேக்கா!"

"நல்ல சேதின்னா படிக்கக் கசக்குமா?"

விரலை முதல் வரியில் வைத்தேன். வரிசை முனகியது. "இன்னைக்குள்ள முடியுமா?" என்று யாரோ கேட்டார்கள். நான் திரும்பவில்லை.