கைப்பிடியை விழுங்கிய மனிதனை வரைந்த லிம்

லிம் போய்விட்டார்...

வேலைக்குப் போகும் பஸ்ஸில் அவருடைய தங்கையின் மெசேஜ். ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள்...

அடுத்த ஸ்டாப்பில் இறங்கினேன். எதிர்ப்பக்கம் போய், வேறு நம்பர் பஸ்ஸில் ஏறி, திரும்ப இறங்கி... கடைசியில் வீடு இருக்கும் மோர்டன் வரை நடந்தே வந்தேன். வீட்டில் சித்தப்பாவுக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

லிம் பினாங்குச் சீனர். கோலியர்ஸ் வுட்டில் நான் வேலை செய்யும் பிரிண்ட் கடையில் என் பக்கத்து மெஷின். அவர் பேசுவது சின்ன வயதில் பக்கத்து வீட்டில் பழகிய தமிழ், பினாங்குக்கே உரிய 'லா'வோடு. "தங்கச்சி, சாப்ட்டாச்சா லா?" என்றுதான் ஷிப்ட் தொடங்கும்.

பிரேக் நேரத்தில் படம் வரைவார். தூரிகை, கறுப்பு மை, சீனச் சுருள் ஓவியம் மாதிரி நீளத் தாள். எட்டி நின்று பார்த்தால் மலையும் பனிமூட்டமும். கிட்டப் போனால் மலையெல்லாம் கவுன்சில் பிளாட் அடுக்குமாடிகள். பனிமூட்டம், யாரோ தனியாகக் குடிக்கும் தேநீரின் ஆவி.

"பழைய சீனப் படங்களிலயும் மலையில ஒராள் தனியத்தானே இருக்கிறார்? அது நிம்மதி எண்டெல்லோ சொல்லுறவை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவருக்கு எறங்கி வர பாதை இருந்துச்சு லா. இங்க லிப்டே வேலை செய்யல."

இன்னொரு படம், சீனப் புத்தாண்டு விருந்து. வட்ட மேசையைச் சுற்றி ஆளில்லாத வெறும் கோட்டுகள் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. வீட்டுக்காரர் மேசைக்கு அடியில்.

சித்தி இறந்த பிறகு சித்தப்பா எங்கள் வீட்டு மேல் அறையை விட்டு வெளியே வருவதே அபூர்வமாக இருந்தது. சாப்பாட்டுத் தட்டைக் கதவடியில்தான் வைப்போம்.

லிம்மின் படம் ஒன்றின் பிரிண்ட்டை பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். மூடி போட்ட தேநீர்க் கிண்ணத்துக்குள் ஒரு மனிதன். கிண்ணத்தில் கதவு உண்டு, கைப்பிடி இல்லை. அது அவன் வயிற்றுக்குள் தெரிகிறது.

தண்ணீர் எடுக்க இறங்கிய சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"கைப்பிடியைத் தானே விழுங்கிப்போட்டு, ஒருத்தரும் வருகினமில்லை எண்டு இருக்கிறான்... உதைக் கீறின ஆளை ஒருக்காப் பார்க்க ஏலுமே, பிள்ளை?"

ஞாயிற்றுக்கிழமை தோடம்பழங்களோடு லிம் வந்தார். "சிரிக்கிற மாதிரி ஒண்டும் கீற வராதோ?" என்றார் சித்தப்பா. லிம் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

பிறகு ஞாயிறுதோறும் சீனச் சதுரங்கம். சித்தப்பா களவாகக் காய் நகர்த்துவார். பிறகு பார்க். பிறகு தனியாகவே பஸ் ஏறி லிம்மின் பிளாட்டுக்கு...

"நீர் ஆரோட இருக்கிறீர்?" என்று சித்தப்பா அங்கே கேட்டிருக்கிறார். "படத்தோட லா." அன்றிலிருந்து தினமும் காலையில் சித்தப்பாதான் லிம்முக்குப் போன் அடிப்பார்.

இன்று நான் கதவைத் திறந்தபோதும் சித்தப்பாவின் கையில் போன். "எடுக்கிறானில்லை. குளிக்கிறான் போல."

சொன்னேன்.

போனைப் பார்த்தார். திரும்பவும் அடித்தார். அது ஒலித்து முடியும்வரை காதிலேயே வைத்திருந்தார்.

"அவையளுக்கும் சாவுக்கு வெள்ளைதானாம், சொன்னவன்... என்ர வெள்ளைச் சேட்டு எங்க?"

கசங்கிய சட்டையோடு எனக்கு முன்னால் வாசலில் நின்றார்.

"அவன்ர தங்கச்சி அங்க தனிய நிப்பாள். கெதியா வா."

போய் வாருங்கள், லிம்... பஸ்ஸில் இருக்கிறோம். வந்துகொண்டே இருக்கிறோம்.