நாவில் தடவிய வெண்காரம்

நான் பலாங்கொடையில் ஒரு நகைப் பட்டறையில் வேலை செய்கிறேன். பவுனைப் பற்றவைக்க எங்களுக்கு வெண்காரம் வேண்டும். எங்கோ வற்றிப்போன உப்பு ஏரிகளில் கட்டியாகக் கிடைக்கிற பொருள். நெருப்புப் பட்டால் பொரிபோல உப்பி, பிறகு கண்ணாடியாய் உருகி, இணைப்பில் அழுக்குச் சேராமல் காக்கும். சிங்களத்தில் புஸ்கர என்பார்கள்.

எங்கள் மகளுக்கு நாலு மாதத்தில் நாக்கெல்லாம் வெள்ளை படிந்தது. பால் குடிக்க முடியாமல் அழுதாள். "வெண்காரத்தப் பொரிச்சுத் தேன்ல குழைச்சுத் தடவுங்க. எங்க பிள்ளைங்களுக்கெல்லாம் அதுதான்" என்றார் எங்கள் தோட்டக் குடியிருப்பில் பக்கத்து லயத்து அக்கா. பட்டறையிலிருந்து ஒரு கட்டியைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தேன். நானே சட்டியில் பொரித்து நுணுக்கினேன். மனைவி தடவினாள். தினம் நாலைந்து தடவை, ஒரு வாரம்.

எட்டாம் நாள் காலை பிள்ளைக்கு வலிப்பு வந்தது. த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம்.

"வீட்டில் ஏதாவது கொடுத்தீர்களா?" என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். மனைவிக்குச் சிங்களம் பேச வராது. எங்கேயும் பேசுவது நான்தான். "தாய்ப்பால் மட்டும்தான்" என்றேன். கொண்டுவந்தவனே நான் என்கிற பயம்.

"என்னங்க கேட்டாரு?" என்றாள் அவள்.

"எப்ப இருந்து வலிப்புன்னு."

மறுநாள் மறுபடி வலிப்பு. அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அது பிள்ளைகளுக்கு நஞ்சு. நேற்றே சொல்லியிருக்கலாமே" என்றார். திட்டவில்லை. உடனே இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மூன்றாம் நாள் மகள் போய்விட்டாள். முன்பே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். யாராலும் சொல்ல முடியவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "பேசத்தான் வராது. டாக்டரு கேட்டது எனக்கு வெளங்கிச்சு. தடவுனவ நாந்தானேன்னு நானும் பயந்து பேசாம இருந்துட்டேன்."

நாங்கள் ஒருவரையொருவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது அழுது தீர்த்திருப்போம்.

இப்போது லயத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அவள் போகிறாள். "வாயில வெள்ளை கண்டா டாக்டர்கிட்ட காட்டுங்க. வெண்காரம் மட்டும் வேணாம்" என்கிறாள். தூக்கச் சொல்லிப் பிள்ளையை நீட்டுவார்கள். கைகளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறாள்.