ஆணி அடித்த ஜன்னல்கள்

தென்னாப்பிரிக்காவில், பட்டர்வொர்த் ஊருக்கு மேலே, மலையில் இருக்கும் எங்கள் கிளினிக்கில் ஒரு கம்ப்யூட்டர் திருடு போனது. உடனே மேலாளர் மபன்ட்லா காத்திருக்கும் கூடத்து ஜன்னல்களையெல்லாம் ஆணி வைத்து அடித்துவிட்டார். உள்ளே இருமுகிறவர்களும் கைக்குழந்தைகளும் ஒரே பெஞ்சில். மிச்சமிருந்த கம்ப்யூட்டருக்கு மட்டும் குறையில்லை.

அந்தக் கூடத்தை ஒட்டிய அறையில்தான் வுயெல்வா அக்கா காசநோயாளிகளைப் பார்ப்பாள். நானும் அங்கே நர்ஸ்தான். நல்ல முகக்கவசங்கள் மேலாளரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும், மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் போட்டுக்கொள்ள. எங்களுக்குக் கிடைத்த மெல்லிய துணியில் டீகூட வடிகட்டலாம்.

குளிர்காலத்தில் அக்காவுக்கு இருமல் பிடித்தது. இருமலை மறைக்காதீர்கள் என்று ஊரையே திட்டுகிறவள், டாக்ஸி நிறுத்தத்துக் கடையில் இருமல் மருந்து வாங்கி ரகசியமாகக் குடித்தாள். பாவாடை இடுப்பில் நிற்காத நிலைக்கு வந்ததும் நான் சளி டப்பாவை அவள் முன்னால் வைத்தேன்.

“துப்பு அக்கா. நீ மத்தவங்களத் திட்டுற மாதிரி உன்னையும் யாராச்சும் திட்டணுமா?”

காசநோய்தான். கேட்டதும் சிரித்தாள், பிறகு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மபன்ட்லா கதவுக்கு வெளியே தள்ளி நின்றே விசாரித்தார். “வீட்டுல, சர்ச்சுல, டாக்ஸில எங்கயாச்சும் ஒட்டியிருக்கும். இங்கதான் வந்துச்சுன்னு எப்படிச் சொல்ற?”

“ஆமா சார். நாள் பூரா என் மூஞ்சில இருமுறவங்கள விட்டுட்டு, சர்ச்சுல பாடுறவங்கதான் குடுத்திருப்பாங்க.”

நஷ்டஈடு அலுவலகமும் அதே பாட்டைத்தான் பாடியது. பணியிடத்தில் தொற்றியது என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம். கிருமி சாட்சி சொல்ல வரவில்லை; மனு தள்ளுபடியானது. சர்ச்சிலோ, அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது. ஒரு மாத்திரைகூட விடாமல் விழுங்கி, குணமாகித் திரும்பினாள்.

வந்த அன்றே பையிலிருந்து சுத்தியலை எடுத்து ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். மபன்ட்லா ஓடி வந்தார்.

“கம்ப்யூட்டர் போனா யார் பொறுப்பு?”

“அது இருமுனா சொல்லுங்க சார், மூடிடலாம்.”

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மபன்ட்லா தன் அறைக்குத் திரும்பினார். இருமுகிறவர்களை அவள் வெளியே யூகலிப்டஸ் மரத்தடியில் உட்கார வைத்தாள். குளிருகிறது என்று முணுமுணுத்தவர்களுக்குப் போர்வை கொடுத்தோம். பூட்டிய அலமாரி மட்டும் திறக்கவேயில்லை. மெல்லிய துணியோடுதான் இன்றும் வேலை.

மபன்ட்லாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இப்போது நகரத்தில், நோய் தொற்றாமல் ஊழியர்கள் தங்களைக் காத்துக்கொள்வது எப்படி என்று வகுப்பு எடுக்கிறார். எங்களையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். வெளியே ஜனங்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி அக்கா அவனைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.