சர்வேயர் டீச்சர்

மூன்றாம் வரிசை, இரண்டாவது நாற்காலி. அதில் உட்கார்ந்து சரியாகப் பத்து நிமிடம் ஆகும்வரை டீச்சர் எழுந்திருக்க மாட்டார். பள்ளிக்கு அன்று விடுமுறை. ஐந்தாம் வகுப்பின் வாசலில் காவலாளி சாவிக்கொத்தோடு நிற்கிறார். அவருக்கு வீட்டுக்குப் போக அவசரம். டீச்சருக்கு ஒரு அவசரமும் இல்லை. தலையைச் சாய்த்து ஜன்னலைப் பார்க்கிறார். மின்விசிறி எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை கிரீச்சிடுகிறது என்று காது கொடுத்துக் கேட்கிறார். கரும்பலகையில் தாமே எழுதி வைத்த வரியைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிறார். பிறகு நோட்டில், ‘பதினோரு மணி வெயில் முகத்தில் அடிக்கும், கனவு காண்கிற பிள்ளைக்கு ஆகாது’ என்று குறித்துக்கொண்டு அடுத்த நாற்காலிக்கு நகர்கிறார். மொத்தம் முப்பத்தாறு நாற்காலிகள். ஆறு மணி நேர வேலை.

ஒவ்வொரு பள்ளியாண்டும் தொடங்குவதற்கு முன்னால் நடக்கிற சடங்கு இது. ஐம்பத்து மூன்று வயது, கனத்த உடம்பு, மாடிப்படி ஏறினால் முனகுகிற முழங்கால். உட்காருவதோ பத்து வயதுப் பிள்ளைகளின் நாற்காலியில். ஒரு வருடம் கைப்பிடி வைத்த புது நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. டீச்சர் எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. காவலாளி பின்னால் நின்று பிடித்து இழுத்துத்தான் இருவரையும் பிரித்தார். இந்தக் கதையைப் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் காவலாளி சொல்லிவிடுவார். டீச்சர் பக்கத்தில் இருந்தால், அவர் விட்டுப்போன இடங்களை இவரே எடுத்துக் கொடுப்பார்.

‘சர்வேயர்’ என்று பெயர் வைத்தவர் கணக்கு வாத்தியார். கேலிக்கு வைத்ததுதான். டீச்சரோ அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டார். அவருடைய துணிப்பையில் எப்போதும் ஓர் அளவு நாடா இருக்கும். பக்கத்திலேயே கிழிந்த டென்னிஸ் பந்துகள். நாற்காலிக் கால்களில் மாட்டினால் தரையில் உராயும் சத்தம் வராது. அடியில் பழைய சைக்கிள் ட்யூப். அதைப் பட்டை பட்டையாக வெட்டி, நாற்காலியின் முன்னங்கால்கள் இரண்டுக்கும் குறுக்கே இழுத்துக் கட்டிவிடுவார். சும்மா இருக்க முடியாத கால்கள் அதை மிதித்துக்கொண்டே இருக்கலாம். மேலே கை எழுதிக்கொண்டிருக்கும். வாரம் தவறாமல் ட்யூப் கேட்டு வருகிறவரைப் பார்த்து, வீட்டில் எத்தனை சைக்கிள் இருக்கிறது என்று பஞ்சர் ஒட்டுகிறவர் ஒரு நாள் கேட்டே விட்டாராம்.

பள்ளியோடு நின்றுவிடுகிற குணமும் இல்லை. பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், கதவைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையைத் தாயோடு கிளப்பி மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். குழந்தை ஓய்ந்தது. அங்கிருந்த மற்றவர்களும் தாங்கள் எங்கே உட்கார வேண்டும் என்று இவரைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் கணவர் சாப்பாட்டு மேசையில் தமக்கென்று ஓர் இடம் பிடித்து உட்கார்ந்து பல வருடமாகிறது. தொலைக்காட்சி தெரியாத பக்கம் எதுவோ அதுதான் அவருக்கு ஒதுக்கப்பட்ட இடம்.

தம் வேலையைப் பற்றிப் பேசும்போது, “பெருமைக்குச் சொல்லலை” என்று ஆரம்பிப்பார். அடுத்து வருவது முழுக்கப் பெருமையாகத்தான் இருக்கும். “பெருமைக்குச் சொல்லலை, இத்தன வருஷத்துல ஒரு பிள்ளையைக்கூட நான் வெளிய நிக்க வச்சதில்ல. கவனம் இல்லையா, இடத்த மாத்துவேன். மறுபடி இல்லையா, மறுபடி மாத்துவேன்.” கேட்கிறவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் அது அத்தனையும் உண்மை.

இப்படிப்பட்டவரின் கணக்கும் இந்த வருடம் தப்பியது.

வகுப்பில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே சுற்றுவாள். பென்சில் விழுந்தால் திரும்புவாள், யாராவது தும்மினால் திரும்புவாள், ஒன்றுமே நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை என்று திரும்பிப் பார்ப்பாள். கேள்வி கேட்டால் பதில் டக்கென்று வரும். பரீட்சைத் தாளில் மட்டும் இரண்டாம் கேள்வியைத் தாண்டியதே கிடையாது. இரண்டு பள்ளிகள் அவளை வேண்டாம் என்று அனுப்பியிருந்தன. இங்கேயும் தலைமையாசிரியர் அவள் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஆண்டுப் பரீட்சையில் ஒரு தாளையாவது முழுதாக எழுதிக் கொடுத்தால் இடம் உண்டு, இல்லையென்றால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் அவளுக்கு வகுப்பிலேயே நல்ல இடத்தைக் கொடுத்தார். முதல் வரிசை, நடுவில், தம் கண்ணுக்கு நேரே. வெயில் படாது, ஜன்னல் தெரியாது, கரும்பலகை கைக்கெட்டும் தூரம். நோட்டில் அந்த நாற்காலிக்கு எதிரே ‘முதல் தரம்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். அந்த முதல் தரத்தில் பம்பரம் முன்னைவிட வேகமாகச் சுற்றியது. ட்யூப் கட்டிப் பார்த்தார், பந்து மாட்டிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு மாதம் டீச்சருக்குச் சரியாகத் தூக்கம் இல்லை என்று அவர் கணவர் சொல்கிறார்.

கடைசியில் கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டுப் பாடம் நடத்தச் சொல்லிவிட்டு, பம்பரத்தைக் கரும்பலகை ஓரத்தில் இருந்த தம் நாற்காலியில் உட்கார வைத்து, அவளுடைய இடத்தில் டீச்சர் போய் உட்கார்ந்தார். வகுப்பு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. முதுகுக்குப் பின்னால் முப்பது பிள்ளைகள். குசுகுசுப்பு, செருமல், பை திறக்கும் சத்தம். என்ன அது, யார் அது என்று கழுத்து தானாகத் திரும்பியது. இத்தனை வருடமும் அவர் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் ஆளில்லாத வகுப்பில். ஆளில்லாத வகுப்பில் எந்த நாற்காலிக்கும் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது.

அந்த நேரத்தில் டீச்சரின் நாற்காலியில், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, முழு வகுப்பையும் ராணி மாதிரி பார்த்தபடி, பம்பரம் பத்துக் கணக்குகளைப் போட்டு முடித்திருந்தாள்.

மறுநாளே அவளுக்குக் கடைசி வரிசை. பின்னால் சுவர். மேசைக் கால்களுக்கு அடியில் நான்கு மரக்கட்டைகளை வைத்து உயரமாக்கினார். “நிக்கணும்னா நில்லு கண்ணு, உக்காரணும்னா உக்காரு. யார்கிட்டயும் கேக்க வேண்டாம்” என்றார்.

அந்தச் செய்தி வீட்டுக்குப் போன சாயங்காலமே அம்மா வந்து நின்றார். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர். கடையின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். கடைசி வரிசை என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பள்ளிகள் அவருக்கு ஏற்கெனவே கற்றுக் கொடுத்திருந்தன.

“நீங்களும் ஒதுக்கிட்டீங்களா டீச்சர்?” என்று கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

டீச்சர் அவரை உட்கார வைத்தார். “முன்னாடி உக்கார வச்சேன் பாருங்க, அதுதான் என் தப்பு. உங்க பொண்ணு இடத்துல நானே உக்காந்து பாத்தேன்மா. நாப்பது நிமிஷத்துல பதினோரு தடவ திரும்பியிருக்கேன். எனக்கு அம்பத்திமூணு வயசு. அவளுக்குப் பத்து.”

அம்மா சிரித்தார், பிறகு கொஞ்சம் அழுதார். நாள் போகப் போகப் பம்பரத்தின் நோட்டில் பக்கங்கள் நிறைந்தன. முதலில் அரைப் பக்கம், அப்புறம் ஒன்று, ஒரு புதன்கிழமை இரண்டரை. அந்த இரண்டரைப் பக்கத்தை டீச்சர் ஆசிரியர் அறையில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் காட்டினார். கணக்கு வாத்தியாருக்கு இரண்டு தடவை காட்டினார்.

ஆண்டுப் பரீட்சை நெருங்கியபோதுதான் புதிய தலைவலி முளைத்தது. பரீட்சைக்கு எண் வரிசைப்படிதான் உட்கார வேண்டும். மேசைகளில் எண் ஒட்டியாயிற்று. பம்பரத்தின் எண் நான்கு. பழைய இடமேதான், முதல் வரிசை, நடுவில், முதுகுக்குப் பின்னால் முழு வகுப்பும். இத்தனை மாதப் பாடும் இரண்டு மணி நேரத்தில் வீணாகிவிடும். அடுத்த வருடம் அந்தப் பிள்ளை எந்தப் பள்ளி வாசலில் போய் நிற்கும்? டீச்சர் நேரே தலைமையாசிரியரிடம் போய், அவளை மட்டும் கடைசி வரிசைக்கு மாற்ற அனுமதி கேட்டார். பணியில் சேர்ந்த நாள் முதல் அவர் கேட்ட முதல் சலுகை அது.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை, விதியை விட்டு இம்மியும் நகராதவர். “ஒருத்தருக்காக மாத்த முடியாது டீச்சர். மாத்தினா முப்பத்தாறு பேருக்கும் மாத்தணும்” என்றார்.

“சரி சார்” என்று டீச்சர் வந்துவிட்டார்.

பரீட்சைக்கு முந்தைய நாள் சாயங்காலம், காவலாளியையும் துணைக்கு வைத்துக்கொண்டு, முப்பத்தாறு மேசைகளையும் நாற்காலிகளையும் நின்ற இடத்திலேயே பின்பக்கமாகத் திருப்பிப் போட்டார். பரீட்சைக்குக் கரும்பலகை எதற்கு? எண்கள் ஒட்டிய மேசைகள் அந்தந்த வரிசையிலேயே இருந்தன. திரும்பியதில் முதல் வரிசை கடைசி வரிசையாகிவிட்டது, அவ்வளவுதான். நான்காம் எண் நாற்காலிக்குப் பின்னால் இப்போது கரும்பலகைச் சுவர். மரக்கட்டைகள் நான்கும் அந்த மேசைக்கு இடம் பெயர்ந்தன. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே டீச்சர் வீட்டுக்குப் போனார்.

காலையில் சுற்றி வந்த தலைமையாசிரியர் வாசலிலேயே நின்றுவிட்டார். இது என்ன கூத்து என்று கேட்டார். எண் வரிசை மாறவில்லை, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம் என்று டீச்சர் பணிவாகச் சொன்னார். அவர் உண்மையிலேயே ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். முப்பத்தாறும் சரியாக இருந்தன. மீசையைத் தடவிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனார்.

சொந்த வகுப்பை மேற்பார்வை பார்க்கக் கூடாது என்பது இன்னொரு விதி. உள்ளே கணக்கு வாத்தியார் இருந்தார்; டீச்சருக்கு வராந்தாவில் பணி. வகுப்பு ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் நடை தானாகத் தளர்ந்தது. பம்பரம் நின்றாள், உட்கார்ந்தாள், முன்னால் இருந்த முப்பது முதுகுகளையும் ஒரு முறை நிதானமாகப் பார்த்து முடித்தாள், எழுதினாள். ஒரு மணி நேரம் போயிற்று. எழுதிக்கொண்டே இருந்தாள். ஒன்றரை மணி நேரம் ஆனபோது அவள் கை உயர்ந்தது.

டீச்சர் ஜன்னலோரம் நின்றுவிட்டார். போன பரீட்சைகளில் அந்தக் கை உயர்ந்தால், தண்ணீர் குடிக்கப் போகவேண்டும் என்று அர்த்தம்; போனால் திரும்பி வந்து எழுத மாட்டாள். கணக்கு வாத்தியார் பின்வரிசைக்குப் போய்க் குனிந்து கேட்டார். நிமிர்ந்தார். தம் மேசைக்கு வந்து, விடைத்தாள் கட்டிலிருந்து அடிஷனல் ஷீட் ஒன்றை உருவினார். உருவியவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கையை உயர்த்தி இரண்டு விரல்களைக் காட்டினார்.