எங்கள் கோயில் கூரையில் ஏறிய சோலார்

எங்கள் கோயிலின் தெற்குக் கூரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. வயது போனால் கோபம் குறையும் என்கிறார்கள். எனக்குக் குறையவில்லை.

வலிகாமத்தின் கரையோரத்தில், ஒல்லாந்தர் காலத்தில் கடல் முருகைக்கல்லால் கட்டிய கிறிஸ்தவக் கோயில் அது. ஜன்னல் குந்தில் ஒருவர் சம்மணம் கட்டி இருக்கலாம். சுவர் அவ்வளவு தடிப்பு. கூரைக்குப் பனை வளையும் சிலாகையும் போட்டு, மேலே அரைக்குழாய் போன்ற பீலி ஓடு வேய்ந்திருந்தது. சண்டைக் காலத்தில் முன்முகப்பு ஷெல்லில் உடைந்தது. ஆனால் ஓடுகளில் பெரும்பகுதி தப்பிவிட்டது. இடம்பெயர்ந்து அலைந்து திரும்பி வந்தபோது, பங்குப் பெண்கள் நாங்கள் அந்த ஓடுகளைக் கிணற்றடியில் வைத்துத் தேய்த்துக் கழுவினோம். ஆண்கள் திரும்ப ஏற்றினார்கள்.

நான் அந்தக் கோயிலில் பாடகர் குழுவுக்குக் கீபோர்ட் வாசிக்கிறவள். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நாட்டில் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடத்துக்குப் பிறகு, கோயிலின் கரண்ட் பில் தாங்க முடியாமல் போயிற்று. பாதர் பூசை நேரத்தில் மின்விசிறிகளை நிற்பாட்டச் சொன்னார். ஜன்னல்கள் சிறியவை, சனம் நிறைந்தால் உள்ளே காற்றே இராது. கரண்ட் அடிக்கடி நின்றும் போகும். சோலார் போடுவோம் என்று முதலில் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அதற்குக் காசு சேர்க்க, ஞாயிறு பூசை முடிய, பங்கு மண்டப வாசலில் புட்டும் சம்பலும் விற்கத் தொடங்கினோம். புட்டு அவிப்பதில் முன்னின்றவள் கரைவலை இழுக்கும் மீனவர் ஒருவரின் மனைவி. விடிய முன்னரே வந்து அடுப்பு மூட்டுவாள். "எங்கடை கோயிலுக்கு எங்கடை கையாலை செய்வம் அக்கா" என்பாள்.

அப்போதுதான் கனடாவில் இருக்கும் எங்கள் பங்கு மக்களின் சங்கம் முழுச் செலவையும் தாங்களே ஏற்பதாக அறிவித்தது. கைதட்டினோம். நானும் தட்டினேன். சங்கத் தலைவர் ஒருகாலத்தில் என்னோடு பாடகர் குழுவில் பாடியவர். நல்ல குரல், நல்ல மனம்.

பங்குச் சபைக் கூட்டத்துக்கு அவர் வீடியோவில் வந்தார். சோலார் தகடுகள் கோயில் கூரையில்தான் வரவேண்டும், அதுவும் றோட்டைப் பார்த்த தெற்குப் பக்கம் என்றார். தகடு பூட்ட வந்த கொம்பனிக்காரர், அந்தப் பழைய ஓட்டுக்கு மேல் பூட்ட முடியாது, ஓடுகளைக் கழற்றிவிட்டுத் தகரம் போடவேண்டும் என்றார். நான் எழும்பினேன்.

"பக்கத்திலை மண்டபம் இருக்கு. தகரக் கூரை, ஒரு மர நிழலும் இல்லை. ஏன் அதிலை பூட்டக்கூடாது?"

திரையிலிருந்து சிரிப்பு வந்தது. "மண்டபத்தை ட்ரோனிலை எடுத்து ஆருக்கு அக்கா காட்டுறது? காசு தந்த சனம் கோயிலைத்தானே பாக்க விரும்புதுகள்."

"சரி, கரண்ட் நிண்டால் ஃபான் ஓடுமோ? பற்றரி வருதோ?"

கொம்பனிக்காரர் சபைச் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்கள் பாட்டைப் பாருங்கோ. உதுகளை எங்களிட்டை விடுங்கோ."

பாதர் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கட்டடங்களைத் தொடத் தொல்பொருள் திணைக்களத்தில் அனுமதி எடுக்கவேண்டாமா என்று நான் கேட்டதற்கு, "கேட்டால் இழுத்தடிப்பினம்" என்று முடித்துவிட்டார்கள்.

ஓடுகளைக் கழற்றிய நாள் நான் போய் நின்றேன். கழற்றினார்கள் என்று சொல்வதும் தவறு, மேலேயிருந்து எறிந்தார்கள். நாங்கள் ஒவ்வொன்றாகக் கழுவிய ஓடுகள், கல்லறைகள் இருக்கும் சேமக்காலையின் மதிலோடு குவிந்து நொறுங்கிக் கிடந்தன. "மெதுவா இறக்குங்கோ தம்பியவை" என்று கத்தினேன். ஒருவன் காதில் வாங்கி, இரண்டு மூன்றைக் கையில் கொடுத்தான். பிறகு அவனும் எறிந்தான்.

திறப்பு விழா பெரிதாக நடந்தது. வாசலில் சலவைக்கல்லில் பெயர்கள், பந்தல், மதியச் சாப்பாடு, தலைக்கு மேலே ட்ரோன். பில் குறைந்தது உண்மை. அதை நான் மறைக்கவில்லை.

சில மாதங்களில் புட்டு அவித்தவள் நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட்டாள். அடக்கப் பூசை உச்சி வெயில் நேரம். கோயில் கொள்ளாத சனம். நற்செய்தி வாசிக்கும்போது கரண்ட் நின்றது. மைக் செத்தது, விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, என் கீபோர்ட்டும் அடங்கியது. மேலே புதுத் தகரம் சூட்டை அப்படியே இறக்கியது. ஓடு இருந்த காலத்தில் அந்தக் கோயில் அப்படி வெந்து நான் கண்டதில்லை. அவளுடைய மகள் மயங்கிச் சரிந்தாள். கணவர் பாட்டுத் தாளை எடுத்துச் சவப்பெட்டிக்கு மேல் விசிறிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்:

"வெளியிலை வெயில் எரிக்குது. மேலை உவ்வளவு தகடு கிடக்கு. பிறகேன் அக்கா ஃபான் ஓடேல்லை?"

விடையை நான் ஏற்கெனவே தேடிப் படித்திருந்தேன். வெளி லைன் செத்தால் அந்த வகைத் தகடுகளும் தாமாக நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்குக் கரண்ட் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் இருந்தால் மட்டுமே உள்ளே கரண்ட் வரும்; எங்களுக்கு அவற்றைப் போடவில்லை. அதை அந்த மனிதரிடம், அந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

சேமக்காலையிலிருந்து திரும்பியதும், முற்றத்தில் சபைக்காரர் எல்லோரும் நிற்க, பாதரிடம் கேட்டேன்.

"பற்றரி போடாமல் விட்டிட்டு, பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் காசு எங்காலை வந்தது பாதர்?"

"அது அவை அதுக்கெண்டே தந்த காசு, அக்கா."

"நீங்கள் வேண்டாமெண்டிருக்கலாமே. ஒருக்கால், ஒரேயொருக்கால், உள்ளுக்கை இருக்கிற எங்களைக் கேட்டிருக்கலாமே!"

செயலாளர் "இப்ப உதுக்கு நேரமில்லை" என்றார். செத்தவளின் கணவர் அவரைப் பார்த்து, "இப்பதான் அண்ணை நேரம்" என்றார்.

அன்று பின்னேரமே கனடாவில் இருக்கும் சங்கத் தலைவருக்குப் போன் எடுத்தேன். அங்கே விடிகாலை. அவர் முழுவதையும் கேட்டார். "எங்களுக்கு உது தெரியாது அக்கா. கரண்ட் நிக்காது எண்டுதான் எங்களுக்குச் சொன்னவை."

"ஆர் சொன்னது?"

"சபையிலைதான்."

"தம்பி, நான் கூட்டத்திலை அதைத்தான் கேட்டனான். நீர் திரையிலை இருந்தனீர்."

அவர் மன்னிப்புக் கேட்டார். பற்றரியைத் தாங்களே வாங்கித் தருவதாகவும் சொன்னார். பாதிக்குச் சம்மதித்தேன். மற்றப் பாதிக்குப் பெண்கள் நாங்கள் திரும்பவும் புட்டு அவித்தோம். எங்களுக்கும் அதில் பங்கிருந்தால்தான் அடுத்த கூட்டத்தில் எங்கள் வாயை அடைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது கரண்ட் நின்றாலும் விசிறியும் மைக்கும் ஓடுகின்றன. தகரச் சூட்டுக்குத்தான் மருந்தில்லை. அந்தப் பீலி ஓடுகளை இனி யாரும் செய்து தரப்போவதுமில்லை.

போன மாதம் கோப்பாய்ப் பக்கம் ஒரு பங்கில் இதேபோல் பழைய கோயிலுக்குச் சோலார் போடப் போகிறார்கள் என்று என்னைக் கதைக்கக் கூப்பிட்டார்கள். பஸ் ஏறிப் போனேன். மண்டபத்தில் பூட்டுங்கள், பற்றரியை முதலில் கேளுங்கள், ஓட்டில் கை வைக்காதீர்கள் என்று உள்ளதைச் சொன்னேன். அந்தச் சபைச் செயலாளர் இரண்டு தடவை மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்றாவது தடவை பார்த்தபோது, "அண்ணை, பஸ்ஸுக்குப் போகவேண்டியவள் நான்தான், நீங்கள் இருந்து கேளுங்கோ" என்றேன். பின்வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களில் ஒருத்தி எழுந்து, முன்வரிசைக்கு வந்து இருந்தாள்.